ஆணி அடிக்க முடியாத வீடு

அந்த வீட்டை என் வீட்டுக்காரர் வாங்கியபோது நான் பார்க்கவில்லை. அவரும் ஒழுங்காகப் பார்க்கவில்லை என்பது பிற்பாடுதான் தெரிந்தது. அவர் ஏலம் விடுகிற மிளகாய் வத்தல் மண்டியில் யாரோ ஒரு புண்ணியவான் டீ குடித்துக்கொண்டே, "அண்ணாச்சி, திருச்சுழி ரோட்டுல மலிவா ஒரு வீடு வருது. வாங்கிப் போட்டா மாசா மாசம் வாடகை" என்று சொல்லியிருக்கிறான். டீ ஆறுவதற்குள் இவர் சரி என்றுவிட்டார். ஒரு மூட்டை வத்தல் எடுக்க நாலு தடவை உள்ளே கை விட்டுக் கிளறி, முகர்ந்து, தும்மி, காம்பைக் கிள்ளிப் பார்க்கிற மனுஷன், வீட்டை மட்டும் காதால் கேட்டே வாங்கினார்.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. அருப்புக்கோட்டை டவுனுக்குள் வீடு வாங்க எங்களுக்கு வசதி கிடையாது. ஊரைத் தாண்டி கரிசல் காட்டில் பிளாட்டு போட்டு, ஏழெட்டு வீடுகள் எழும்பியிருந்த இடம் அது. சுற்றிலும் சீமைக்கருவை. பஸ்ஸு போகும், டிரைவருக்கு மனசு வந்தால் நிற்கும். ஓட்டு வீடு, இரண்டு அறை, ஒரு அடுப்படி, கொல்லையில் ஒரு கிணறு. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. கோடையில் கரிசல் வெடிக்கும்போது வீட்டுச் சுவரும் கூடவே வெடிக்கும்.

"ஊரு இனிமே இந்தப் பக்கந்தான் வளரும் பாரு" என்றார் இவர். ஊர் அவர் பேச்சைக் கேட்கவில்லை, அது பாட்டுக்கு மதுரை ரோட்டுப் பக்கம் வளர்ந்தது.

பணத்துக்கு என் காசுமாலையைத்தான் விற்றார்கள். என் அப்பா மண்டிக்கே வந்து உட்கார்ந்துகொண்டு, "மாலை எம்மக மாலை. பத்திரமும் எம்மக பேருலதான் இருக்கணும்" என்று அடம்பிடித்து வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் போனார். அதனால் காகிதத்தில் அது என் வீடு. என் மாமியார் வாயில் அது "எம்மகன் வாங்குன வீடு". இவரைக் கேட்டால் "நம்ம வீடு" என்பார். யாருக்கும் பொல்லாப்பு இல்லாமல் பேசுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை.

பத்திரம் பதிந்த அன்றே எனக்கு அங்கே குடிபோக வேண்டும் என்ற ஆசை பிடித்துக்கொண்டது. நாங்கள் இருந்தது மாமியார் வீட்டில். மூன்று மருமகள்கள், ஒரே அடுப்பு. கல்யாணமாகி ஐந்து வருஷம் ஆகியும் எனக்குப் பிள்ளை இல்லை. அந்த வீட்டுப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் குண்டி கழுவி விட்டது நான்தான். ஆனால் ஒரு வளைகாப்பு என்றால் மட்டும், "நீ அடுப்படியப் பாத்துக்கத்தா" என்று நாசூக்காகத் தள்ளிவிடுவார்கள். அவர்கள் அங்கே சந்தனம் பூசிச் சிரிக்க, நான் இங்கே புளிச்சோற்றுக்குக் கடுகு தாளித்துக்கொண்டிருப்பேன். வயிறு எரியும். பொய் சொல்ல மாட்டேன், ஒருதரம் உப்பை இரண்டு மடங்கு அள்ளிப் போட்டேன்.

"அங்க போயி இருப்போங்க" என்று இவரிடம் கேட்டேன்.

"வாடகைக்கு விடத்தான வாங்குனது? நீ போயி உக்காந்துக்கிட்டா வாடகைய யாரு தருவா?"

நியாயமான கேள்விதான்.

முதலில் குடிவந்தது ஒரு வாத்தியாரும் அவர் மனைவியும். ஏழு வருஷமாகப் பிள்ளை இல்லாதவர்கள். அந்தக் காட்டில் குடியிருக்க வேறு யாரும் வரவில்லை என்பதால் இவர்களுக்கு விட்டோம். வாடகை கேட்க என் வீட்டுக்காரருக்குக் கூச்சம். மண்டியில் தொண்டை கிழியக் கத்தி ஏலம் விடுகிறவருக்கு, ஒரு வாத்தியாரிடம் "வாடகை" என்று சொல்ல நாக்கு எழும்பாது. அதனால் மாசாமாசம் நான்தான் போவேன். நாலாவது மாதம் போனபோது, அந்த வாத்தியார் மனைவி கொல்லையில் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்து, வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நல்லா இரு தாயி என்று நானும் சிரித்துவிட்டு வந்தேன்.

பிள்ளை பிறந்தது, வாத்தியாருக்கு மாற்றல் வந்தது, போனார்கள். அடுத்து ஒரு பஸ் கண்டக்டர், எம்.ரெட்டியபட்டிக்காரர். ஏற்கெனவே மூன்று பெண் பிள்ளைகள், போதும் என்று முடிவு செய்தவர். வந்த வருஷமே நாலாவது. வாடகையைக் கையில் கொடுத்துக்கொண்டே, "என்னக்கா வீடு குடுத்தீக! மனுசன் நிம்மதியா படுக்க முடியல" என்று என் மேல் பழி போட்டார். அவர் படுத்ததற்கு நானா பொறுப்பு?

ஊரே வாயைப் பிளந்தது மூன்றாவது குடித்தனத்தில்தான். ஒரு ஆபீஸ் குமாஸ்தா, மனைவிக்கு நாற்பதைத் தாண்டிய வயசு. மகளைக் காரியாபட்டியில் கட்டிக் கொடுத்து, அந்த மகள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். மகளுக்கு ஒன்பது மாசம். பார்த்தால், அம்மாவுக்கு ஐந்து மாசம்! அந்த அம்மாள் வெட்கத்தில் தெருவுக்கே வரவில்லை. குமாஸ்தா இடுப்புத்துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு ஆபீஸுக்குப் போனார். தாய்மாமனை விட மூத்த மருமகன் பிறந்த அதிசயத்தை அருப்புக்கோட்டை பஸ்ஸ்டாண்டில் நின்று பேசினார்கள்.

அதோடு வீட்டுக்கு ராசி வீடு என்று பேர் விழுந்துவிட்டது. அது வரைக்கும் சும்மா கொடுத்தால்கூட வர யோசித்தவர்கள், பிறகு பரளச்சியிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். "குடியிருக்கக் கேக்கலங்க, ஒரு பத்து மாசம் விட்டாப் போதும்" என்பார்கள். யாரோ வாசல் வேம்பில் மரத்தொட்டில் கட்டிவிட்டுப் போனார்கள். நிலைப்படியில் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, கற்பூரம் கொளுத்தி அதன் ஒரு பக்கத்தையே கரியாக்கினார்கள். என் மாமியாரோ யார் வந்தாலும், "எம்மகன் கைராசி" என்பார். மகனுடைய கைராசி என்றால் அது முதலில் மகன் வீட்டில் அல்லவா தெரிய வேண்டும்? இதை நான் வாய்விட்டுக் கேட்கவில்லை, அடுப்பிடம் கேட்டேன்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. மாசமாக இருக்கிறவளை வீடு மாறச் சொல்லக்கூடாது. அவள் இருக்கிற வீட்டில் ஆணி அடிக்கக்கூடாது, மண்ணை வெட்டக்கூடாது, கூரையில் கை வைக்கக்கூடாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆகாதாம். எங்கள் வீட்டிலோ எப்போதும் எவளாவது ஒருத்தி மாசமாகவே இருந்தாள்! ஒருத்தி பெற்று எழுந்து போவாள், அடுத்தவள் சாமான் இறக்குவாள், இறக்கிய கையோடு மசக்கை என்பாள். கொத்தனாரை ஐந்தாறு வருஷம் அந்தப் பக்கம் விட முடியவில்லை. சுவர் வெடிப்பில் ஓணான் குடும்பம் நடத்தியது. ஓடு உடைந்து மழை ஒழுகினால் அடியில் குண்டானை வைத்துக்கொள்வார்கள். ஒரு காலண்டர் மாட்டக்கூட ஆணி கிடையாது, கதவு மூலையில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். அங்கே வருகிறவர்கள் யாரும் இதைக் குறையாகச் சொன்னதே இல்லை.

மாசாமாசம் நான் போவேன். ஒவ்வொருத்தியும் என் கையைப் பிடித்து, "ஒங்க வீடு குடுத்த பாக்கியம்க்கா" என்று கண்ணில் ஒற்றிக்கொள்வாள். பிறகு என் வயிற்றைப் பார்ப்பாள், சட்டென்று பார்வையை மாற்றிக்கொள்வாள். அந்தப் பார்வை மாற்றலுக்குக் கன்னத்தில் இரண்டு அறை கொடுத்திருந்தால்கூடத் தேவலை.

எழுபதுகள் பிறந்தபோது மாமியார் பொறுமை தீர்ந்து, திருச்சுழிப் பக்கம் இருந்த தன் தம்பி மகளை இவருக்கு இரண்டாந்தாரமாகக் கேட்க ஆரம்பித்தார். அது தப்பு என்று சட்டம் இருந்தது. அந்தச் சட்டம் எங்கள் ஊருக்குப் பஸ் ஏறி வரவில்லை. "ஒன்ன யாரு போகச் சொன்னா? நீயும் இரு, அவளும் இருக்கட்டும்" என்றார் மாமியார், பெரிய மனசு பண்ணி. இவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இருக்கிற அடுப்பில் இன்னொருத்தி வந்து, அவளும் ஒன்று பெற்று, அதற்கும் நான் குண்டி கழுவ வேண்டுமா? அன்றைக்குத்தான் வாய் திறந்தேன்.

"அத்தை, ஊரெல்லாம் அந்த வீட்டுக்குப் போயி பெத்துட்டு வருது. என்னை ஒரு வருசம் அங்க இருக்க விடுங்க. அப்பறம் ஒங்க இஷ்டம்."

மாமியாருக்கு அந்த வீட்டு ராசியில் என்னைவிட நம்பிக்கை அதிகம். யோசித்துவிட்டு, "சரி. இந்தத் தையிலருந்து அடுத்த தை வரைக்கும். அதுக்குள்ள ஒண்ணும் இல்லைன்னா, தையிலயே முகூர்த்தம்" என்றார்.

அப்போது வீட்டில் இருந்தவளுக்கு ஏழு மாசம்! போ என்று சொல்ல முடியாது. என் கெடுவில் மூன்று மாசம் அவள் வயிற்றில் போனது. ஒன்பதாம் மாசம் வளைகாப்புப் போட்டு அவள் அம்மா வீட்டுக்குப் போனாள், அவள் புருஷன் சாமானைத் தூக்கினான், சித்திரையில் நாங்கள் பால் காய்ச்சினோம்.

முதல் காரியமாகக் கொத்தனாரையும் ஆசாரியையும் ஒரே நாளில் வரச் சொன்னேன். ஓணானைக் காலி பண்ணச் சொல்லிவிட்டு வெடிப்பை அடைத்தோம். ஓடு மாற்றினோம். ஆணியோ, ஆசை தீர அடித்தேன். காலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, கரண்டிக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் இரண்டு. பிள்ளைக்காக வந்தவள்தான் நான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த வீட்டில் இருந்த சந்தோஷத்தில் பல நாள் அது மறந்தே போனது. என் அடுப்பு, என் உப்பு. மத்தியானம் தரையில் காலை நீட்டிப் படுத்தால் கேட்க நாதியில்லை. இவர் மண்டியிலிருந்து சைக்கிளில் சாப்பிட வருவார். மாமியார் வீட்டில் நாலு வார்த்தை பேசாத மனுஷன், இங்கே சட்டியை வழித்துக்கொண்டே ஏலக்கடைக் கதையெல்லாம் சொல்வார். பத்து வருஷத்துக்கு அப்புறம் எனக்குப் புருஷன் கிடைத்தான் என்றுகூடச் சொல்லலாம்.

ஆனால் தெரு விட்டால்தானே? தெருமுனையில் அப்போது ஒரு நல்லதண்ணிக் குழாய் போட்டிருந்தார்கள். இரண்டு நாளைக்கு ஒருதரம் தண்ணீர் வரும். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நிற்கிற பெண்களுக்கு என் வயிறுதான் பேச்சு. பக்கத்து வீட்டு நெசவுக்காரர் மனைவிக்கு நான் தீட்டு வந்து மூன்றாம் நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிறேனா என்று எட்டிப் பார்ப்பதே வேலை. தறிச்சத்தத்தை மீறிப் பேசிப் பழகிய தொண்டை அவளுக்கு. "என்னத்தா, இந்த மாசமும் முழுகிட்டியா?" என்று அவள் கேட்டால் பஸ்ஸில் போகிறவனுக்குக்கூடக் கேட்கும்.

புரட்டாசியில் பன்னிரண்டு நாள் தள்ளிப்போனது. நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதே இல்லை, குழாயடியில் எண்ணிக்கொண்டிருந்தார்கள். மறுநாளே மாமியார் அதிரசத் தூக்கோடு வந்து இறங்கினார். அன்றைக்குக் கதவுக்குக் கொண்டி போட ஆசாரி வந்திருந்தார். மாமியார் ஓடிப்போய் அவர் கையிலிருந்த சுத்தியலைப் பிடுங்கிக்கொண்டார். "எம்பேரன் உள்ள இருக்கான், ஆணியா அடிக்க!" என்று கத்தினார். என் தலையைத் தடவி, அதிரசத்தைப் பிட்டு வாயில் ஊட்டிவிட்டார். எனக்கு அவர் மேல் பாசமே வந்துவிட்டது.

பதினாலாம் நாள் தீட்டு வந்துவிட்டது. கொல்லையில் கிணற்றுச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு அழுதேன். நானும் அந்த ராசியை நம்பியிருக்கிறேன் என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

தை பிறந்தது. பொங்கல் கழிந்த வாரம் மாமியாரும் பெண்ணின் அப்பாவான அவர் தம்பியும் வந்தார்கள். நான் கொடுத்த காபியைக் குடிக்காமல் பக்கத்தில் வைத்துவிட்டு மாமியார் ஆரம்பித்தார்.

"போறவ வாரவளுக்கெல்லாம் அள்ளிக் குடுத்த வீடு. இவ வந்து ஒக்காந்தா, ராசியே போச்சு. இனிமே வாடகைக்குக்கூட ஒருத்தன் வர மாட்டான். கெடுத்துட்டா, வீட்டையே கெடுத்துட்டா."

எனக்கு வந்ததே ஆத்திரம்!

"அத்தை, நான் வீட்டையா கட்டிக்கிட்டேன்? ஒங்க மகனத்தான கட்டிக்கிட்டேன்!"

அந்தத் தம்பிக்குக் காபி இல்லாமலேயே புரை ஏறியது. மாமியார் எழுந்து நின்றார், வாய் திறந்தார், அதற்குள் இவர் பேசினார். விட்டத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"அம்மா, மாமா பிள்ளையக் கட்டி வச்சாலும் இதே கதைதான். குத்தம் எங்கிட்ட. மதுரையில டாக்டருகிட்டப் பாத்துட்டேன். எனக்கு இல்லைன்னு சொல்லிட்டாக."

"எப்படா பாத்த?"

"நாலு வருசம் ஆச்சு."

மாமியார் "டாக்டரு என்னத்தக் கண்டான்" என்று ஏதோ சொல்லத் தொடங்கினார். அவர் தம்பி மட்டும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸைப் பார்க்கப் போய்விட்டார். விவரமான மனுஷன்.

எனக்குக் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான், நாலு வருசம். அந்த நாலு வருஷத்தில் நான் கோயில் தரையைக் கழுவி மண்சோறு தின்றிருக்கிறேன். கண்ட வேரையும் அரைத்துக் குடித்து வயிறு வீங்கிக் கிடந்திருக்கிறேன். பங்குனியில் அக்கினிச்சட்டி எடுத்து நடந்தபோது பக்கத்தில் தண்ணீர்ச் செம்போடு கூடவே வந்தவர் இவர். தெரிந்தே வந்திருக்கிறார். என் உள்ளங்கைக் கொப்புளத்துக்கு வேப்பெண்ணெய் தடவிவிட்டாரே, அப்போதும் தெரியும்!

"ஏன் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

"எனக்கு மட்டும் இனிச்சுச்சா?"

அவருடைய வேட்டி சட்டையை ஒரு பையில் திணித்து மாமியார் கையில் கொடுத்தேன்.

"அத்தை, இது எம்பேருல இருக்கிற வீடு. ஒங்க மகனக் கூட்டிட்டுப் போங்க."

போனார். அந்த ராத்திரி எனக்கு நன்றாகத் தூக்கம் வந்தது, அதற்காக வருத்தப்படவும் இல்லை. தினமும் மத்தியானம் சைக்கிளில் வந்து வாசலில் நிற்பார். நான் கதவைத் திறக்க மாட்டேன். மூன்றாம் நாள் ஜன்னல் வழியாக ஒரு தூக்கில் சோறு கொடுத்தேன். பசியோடு நின்றால் எனக்குத்தானே பாவம். எட்டாம் நாள், "என்னதாம்மா செய்யச் சொல்ற?" என்று அழமாட்டாக் குறையாகக் கேட்டார்.

"அன்னைக்கு இங்க சொன்னதப் போயிக் குழாயடியில சொல்லுங்க."

"அத்தனை பொம்பளைகளுக்கு முன்னாலயா?"

"அத்தனை பேருக்கும் முன்னாலதான என்னையக் கேட்டாளுக?"

சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். சரி, இது ஆகாது, இனி தனியாகத்தான் என்று நானும் மனசைத் தேற்றிக்கொண்டேன்.

மறுநாள் தண்ணீர் வருகிற நாள். குடத்தை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது வாசலில் நின்றிருந்தார். சலவை வேட்டி, நெற்றியில் திருநீறு, பெண் பார்க்கப் போகிறவர் மாதிரி. என் இடுப்பிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார். ஆம்பளைகள் நிற்கிற இடமில்லை அது. அவர் போய் வரிசையில் குடத்தை வைத்ததும் பேச்சு நின்றுபோனது. நான் என் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டேன்.

மண்டியில் ஏலம் விடுகிற குரல் வரவில்லை. ஆனால் கேட்கிற அளவுக்கு வந்தது.

"எல்லாரும் கேட்டுக்கங்க. எங்க வீட்டுல பிள்ளை இல்லாததுக்கு அவ காரணமில்ல. வீடும் காரணமில்ல. நாந்தான். டாக்டர் சொல்லி நாலு வருசமாச்சு, நாந்தான் மறச்சுட்டேன்."

ஒருத்தி முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். இவர் தலை குனிந்து, காது மடல் சிவந்து நின்றார். நெசவுக்காரர் மனைவி அவரை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள், இந்தத் தடவை வயிற்றைப் பார்க்கவில்லை, முகத்தைப் பார்த்தாள்.

"சரிண்ணே" என்றாள் அந்தத் தொண்டையில். "கேட்டுக்கிட்டோம். குடத்த நகட்டுங்க, தண்ணி நிக்கப் போகுது."

அவர் குடத்தை நகட்டினார். நான் வீட்டுக்குள் போனேன், கதவைச் சாத்தவில்லை.